2.57-ஆல் பெருக்கியும் சம்பளம் ஏன் இரண்டரை மடங்கு ஆகவில்லை?

2017 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஊதியத் திருத்தத்தை அறிவித்தபோது எல்லோர் கண்ணிலும் பட்ட எண்கள் இவை: குறைந்தபட்ச ஊதியம் 6,100 ரூபாயிலிருந்து 15,700 ரூபாய் ஆகிறது, அதிகபட்சம் 77,000 ரூபாயிலிருந்து 2,25,000 ரூபாய் ஆகிறது. செய்தியைப் படித்த தனியார் கம்பெனி ஊழியருக்கு வயிறு எரிந்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊதியத்தை வாங்கிய மாநகராட்சி அலுவலக உதவியாளரைக் கேட்டிருந்தால், "கைக்கு இரண்டாயிரம் வந்தால் பெரிசு" என்றிருப்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பழைய அடிப்படை ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கித்தான் புதியதைப் போட்டார்கள்; பிறகு ஏன் கைக்கு அவ்வளவு வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி ஊழியர்களுக்குத் தனி ஊதியக் கணக்கு கிடையாது. மாநில அரசு ஊழியர்களின் ஊதிய விகிதமே அவர்களுக்கும் பொருந்தும். ஆகவே ரிப்பன் மாளிகையில் இருக்கும் இளநிலை உதவியாளரும் தலைமைச் செயலகத்துக்கு வெளியே ஏதோ ஒரு துறையில் இருக்கும் இளநிலை உதவியாளரும் ஒரே அட்டவணையில்தான் நிற்கிறார்கள். வித்தியாசம் பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் சம்பளப் பட்டியலைப் பிரித்துப் பார்க்கலாம். அதில் முதல் வரி அடிப்படை ஊதியம். அடுத்தது அகவிலைப்படி, அதாவது விலைவாசி ஏறுவதற்கு ஈடாகத் தருவது. அப்புறம் வீட்டு வாடகைப்படி, பெரிய ஊர்களில் நகர ஈட்டுப்படி, மருத்துவப்படி. வாடகைப்படிக்குத் தமிழ்நாட்டில் ஊர்களைத் தரம் பிரித்து, ஊதியத்துக்கு ஏற்ப ரூபாய்க் கணக்கில் ஒரு தொகையை வைத்திருக்கிறார்கள். சென்னைக்கு ஒன்று, கோவை, மதுரை போன்ற ஊர்களுக்கு ஒன்று, சிறு ஊர்களுக்கு அதைவிடக் குறைவு. பிடித்தங்களில் ஒரு வேடிக்கை உண்டு. தொழில் வரியை வசூலிக்கும் உரிமை உள்ளாட்சி அமைப்புக்கு இருப்பதால், மாநகராட்சி ஊழியர் தனக்குச் சம்பளம் தரும் மாநகராட்சிக்கே வரியும் கட்டுகிறார்.

இந்தச் சம்பளப் பட்டியலில் தானாக நகர்வது அகவிலைப்படி ஒன்றுதான். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை நாட்டின் 88 மையங்களில் விலை சேகரித்து மாதாமாதம் வெளியிடுகிறார்கள். அதன் 12 மாத சராசரி, மத்திய அரசின் 7ஆவது ஊதியக் குழு அடிப்படையாக வைத்த 261.42 என்ற எண்ணைவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறதோ அத்தனை சதவீதம் அகவிலைப்படி. குறியீட்டின் அடிப்படை ஆண்டை இப்போது 2016 ஆக மாற்றிவிட்டதால், ஒப்பிடும் முன் புதிய எண்ணை 2.88-ஆல் பெருக்கிக்கொள்கிறார்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்குப் பார்ப்பார்கள். மத்திய அரசு அறிவிக்கும், மாநில அரசு வழக்கமாகப் பின்தொடரும். 'வழக்கமாக' என்று சொல்லக் காரணம், கொரோனா காலம். 2020இல் மத்திய அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது, தமிழ்நாடும் நிறுத்தியது. மத்திய அரசு 2021 ஜூலையில் திரும்பக் கொடுத்தது. தமிழ்நாட்டு ஊழியர்களுக்கு 2022 ஜனவரியில்தான் 17 சதவீதம் 31 ஆனது. இடைப்பட்ட காலத்துக்கான நிலுவை கிடையாது.

2025 ஜூலைக் கணக்குப்படி அகவிலைப்படி 58 சதவீதம். 19,500 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் வேலைக்குச் சேரும் இளநிலை உதவியாளருக்கு இது 11,310 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 30,810. அரசு ஊழியர் ஒருவர் 'பேசிக்' என்று சொல்லும் எண்ணை அவர் வாங்கும் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. பத்திரிகைத் தலைப்புகள் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

ஊதியத் திருத்தத்தின் போது நடப்பது என்ன? பத்தாண்டாக ஏறி ஏறி வந்த அகவிலைப்படியை அடிப்படை ஊதியத்துக்குள் கொண்டுபோய்க் கலந்துவிட்டு, அகவிலைப்படியை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். அதற்கு மேல் வைத்துக் கொடுக்கும் சிறு தொகைதான் உண்மையான உயர்வு.

2.57 என்ற பெருக்குக் காரணியை இப்படிப் பிரித்துப் பாருங்கள். 2016 ஜனவரியில் பழைய ஊதியத்துக்கு அகவிலைப்படி 125 சதவீதம். அப்படியானால் 100 ரூபாய் ஊதியக்காரர் ஏற்கெனவே 225 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். 2.25 இல்லாமல் 2.57 கொடுத்தார்கள். 2.57-ஐ 2.25-ஆல் வகுத்தால் 1.14. உயர்வு அவ்வளவுதான், 14 சதவீதம் சொச்சம். முதலில் சொன்ன 6,100 ரூபாயையே எடுத்துக்கொண்டால், அகவிலைப்படியோடு அது 13,725. புதிய ஊதியம் 15,700. வித்தியாசம் 1,975 ரூபாய். அலுவலக உதவியாளர் சொன்ன இரண்டாயிரம் இதுதான்.

ஏன் 2.57, ஏன் 2.5 இல்லை என்று கேட்கலாம். இதன் வேர் மத்திய அரசின் 7ஆவது ஊதியக் குழுவில் இருக்கிறது. நீதிபதி ஏ.கே. மாத்தூர் தலைமையிலான அந்தக் குழு 2015 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அது தொடங்கிய இடம் ஒரு சமையலறை. ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு சாப்பிடும்? 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த நெறியையும், ஊட்டச்சத்து அறிஞர் வாலஸ் அய்க்ராய்டின் கணக்கையும் வைத்து ஒரு பட்டியல் போட்டார்கள். ஊழியருக்கு 1 அலகு, வாழ்க்கைத் துணைக்கு 0.8, இரண்டு குழந்தைகளுக்குத் தலா 0.6, ஆக 3 அலகு. ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு அரிசி அல்லது கோதுமை 475 கிராம் என்றால் குடும்பத்துக்கு மாதம் 42.75 கிலோ. பருப்பு 80 கிராம் என்றால் 7.2 கிலோ. பால் 18 லிட்டர். அப்புறம் காய்கறி, எண்ணெய், முட்டை, துணி, சோப்பு. இதற்கெல்லாம் விலை போட்டு, அதன்மேல் எரிபொருள், மின்சாரம், திருமணம், பண்டிகை, பொழுதுபோக்கு, வீடு, வேலைத்திறன் ஆகியவற்றுக்குச் சதவீதம் சேர்த்து, கடைசியில் 18,000 ரூபாயில் வந்து நின்றார்கள். பழைய குறைந்தபட்சம் 7,000. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 2.57. அந்த எண்ணையே மேலே உள்ளவர்களுக்கும் வைத்துவிட்டார்கள்.

இந்தப் பட்டியலில் வயதான அப்பா அம்மாவுக்கு அலகு இல்லை. நம் வீடுகளில் சம்பளத்தில் ஒரு பங்கு போவது அவர்களுக்கும்தான். சங்கங்கள் பல காலமாகச் சொல்லும் குறை இது, எனக்கு நியாயமாகவே படுகிறது. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை மாற்றினால் 18,000 மாறும், அதோடு காரணியும் மாறும். மத்திய அரசின் ஊதியமும் அதைப் பின்பற்றும் மாநிலங்களின் ஊதியமும் இந்த 3 என்ற எண்ணின் மேல்தான் நிற்கின்றன.

சரி, இனி ஒருவரை எடுத்துப் பொருத்திப் பார்ப்போம். ஒரு மாநகராட்சியின் வருவாய்ப் பிரிவில் இளநிலை உதவியாளர். கற்பனை ஆள், ஆனால் எண்கள் விதிப்படியானவை. பழைய முறையில் அவருடைய ஊதிய விகிதம் 5,200 – 20,200, பதவிக்கு ஏற்ப அதோடு சேரும் தர ஊதியம் 2,400. வேலைக்குச் சேரும்போது இரண்டும் சேர்ந்து 7,600. ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி: 7,830, 8,070, 8,320. மூன்று உயர்வு வாங்கிய நிலையில் 2016 ஜனவரி 1 வருகிறது. அன்று அவருக்கு 8,320, அகவிலைப்படி 10,400, மொத்தம் 18,720.

8,320-ஐ 2.57-ஆல் பெருக்கினால் 21,382 ரூபாய். இதை அப்படியே ஊதியமாகக் கொடுத்துவிட மாட்டார்கள். புதிய முறையில் ஓர் ஊதிய அட்டவணை உண்டு. தமிழ்நாட்டு அட்டவணையில் 32 நிலைகள். ஒவ்வொரு நிலையும் ஒரு நெடுவரிசை. மேலிருந்து கீழே வர வர ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட ஏறத்தாழ 3 சதவீதம் அதிகம், நூறு ரூபாய்க்கு முழுமையாக்கியது. இளநிலை உதவியாளருக்கு நிலை 8. அந்த வரிசை 19,500, 20,100, 20,700, 21,300, 21,900, 22,600 என்று போகும். பெருக்கி வந்த தொகைக்குச் சமமான கட்டம் இல்லையென்றால் அடுத்த பெரிய கட்டத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. நம் ஆளின் 21,382, 21,300 கட்டத்தை 82 ரூபாயில் தாண்டிவிட்டது. ஆகவே அவர் 21,900இல் உட்காருகிறார். 18,720இலிருந்து 21,900: உயர்வு 3,180 ரூபாய், 17 சதவீதம். அந்த 82 ரூபாய் மட்டும் குறைந்திருந்தால் 600 ரூபாய் போயிருக்கும். ஊதிய நிர்ணயத்தின் போது பணியமைப்புப் பிரிவில் ஒவ்வொருவரும் கால்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பது இதனால்தான்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கட்டம் கீழே இறங்கினால் அது ஆண்டு ஊதிய உயர்வு. தமிழ்நாட்டில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு காலாண்டுத் தொடக்கங்களில், அவரவர் சேர்ந்த தேதிக்கு ஏற்ப வரும். பதவி உயர்வு வந்தால் பக்கத்து நெடுவரிசைக்குப் போவார்கள். பதவி உயர்வே வராதவர்களுக்குப் பத்து ஆண்டில் தேர்வு நிலை, இருபது ஆண்டில் சிறப்பு நிலை என்ற பெயரில் கூடுதல் ஊதியம். ஒரே மேசையில் ஓய்வு வரை இருப்பவர்கள் நிறைந்த உள்ளாட்சி அமைப்புகளில் இந்த இரண்டும் முக்கியமானவை.

தேதி விஷயத்துக்கு வருவோம். 21,900 என்று நிர்ணயித்தது 2016 ஜனவரி 1 முதல். ஆனால் பணம் கையில் வந்தது 2017 அக்டோபர் 1 முதல். இடையில் உள்ள 21 மாதங்களுக்குக் காகிதத்தில் மட்டும் உயர்வு. இதைக் கருத்தியலான நிர்ணயம் என்பார்கள். அந்த மாதங்களில் வந்த ஆண்டு உயர்வுகள் கணக்கில் சேரும்; ரூபாய் வராது. 6ஆவது ஊதியக் குழுவின் போதும் 2006 ஜனவரியிலிருந்து கருத்தியலாகவும் 2007 ஜனவரியிலிருந்து பணமாகவும் கொடுத்தார்கள். காரணியைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்தத் தேதியைப் பற்றிப் பேசுவது குறைவு. என் கணக்கில், சிறு ஊழியருக்கு மிகப் பெரிய இழப்பு காரணியில் ஏற்படவில்லை, இங்கேதான் ஏற்பட்டது.

இதையெல்லாம் முடிவு செய்தவர்கள் யார்? மாமன்றம் அல்ல. பாதை இப்படி: மத்திய ஊதியக் குழு அறிக்கை கொடுக்கும், மத்திய அமைச்சரவை ஏற்கும். மாநில அரசு, நிதித்துறைச் செயலர் போன்ற மூத்த அதிகாரிகளைக் கொண்ட ஓர் அலுவலர் குழு அமைத்து, அதைத் தமிழ்நாட்டுப் பதவிகளுக்கு ஏற்றபடி பொருத்தும். 1988 முதல் மத்திய ஊதியத்துக்கு இணையாக வைப்பது என்ற கொள்கையால் இப்போது மாநிலத்துக்கென்று தனி ஊதியக் குழு போடுவதில்லை. அப்புறம் நிதித்துறையின் ஊதியப் பிரிவு அரசாணை போடும். 2017 அக்டோபர் 11ஆம் தேதியிட்ட அரசாணை எண் 303 இப்படி வந்ததுதான். உள்ளாட்சி ஊழியர்கள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மேயரோ கவுன்சிலரோ ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

நியூயார்க்கில் நிலைமை வேறு. அங்கே நகர நிர்வாகமே சங்கங்களோடு உட்கார்ந்து பேரம் பேசும். டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் 37 என்ற பெரிய சங்கத்தோடு 2023இல் போட்ட ஒப்பந்தப்படி, 2021இல் தொடங்கும் ஐந்தரை ஆண்டுக்கு ஆண்டுதோறும் 3 சதவீதம், கடைசி ஆண்டு 3.25 சதவீதம், கையெழுத்துக்கு 3,000 டாலர் ஊக்கத்தொகை. யார் சம்பளம் தருகிறார்களோ அவர்களே தொகையையும் பேசுகிறார்கள்.

நம் மாநகராட்சிகளில் முடிவு கோட்டையில், செலவு மாநகராட்சியில். மாநில அரசு ஊழியருக்குக் கருவூலத்திலிருந்து சம்பளம் போகும். மாநகராட்சி ஊழியருக்கு மாநகராட்சியின் பொது நிதியிலிருந்து போக வேண்டும். சொத்து வரி, காலியிட வரி, தொழில் வரி, கடை வாடகை, பேருந்து நிலையக் கட்டணம், மாநில நிதிக் குழுவின் பரிந்துரைப்படி அரசு பகிர்ந்து தரும் வரிப் பங்கு, இவைதான் அந்த நிதி. அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை ஏறும். சொத்து வரி? சென்னையில் 1998இல் பொதுச் சீராய்வு செய்த பிறகு 2022 வரை ஏறவில்லை. மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகு 2022. நடுவில் 2018இல் உயர்த்தி ஆணை போட்டு, 2019இல் அதையும் நிறுத்தி வைத்தார்கள். அந்த 24 ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி இரண்டு ஊதியக் குழுக்களின் திருத்தத்தையும் நாற்பதுக்கும் மேற்பட்ட அகவிலைப்படித் தேதிகளையும் கடந்து வந்தது. வரவு நின்ற இடத்திலேயே நிற்க, செலவு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

விளைவு தெருவில் தெரிகிறது. ஊதிய அட்டவணைக்குள் இருப்பவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல் கிடக்கும். வேலை மட்டும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும். தூய்மைப் பணிதான் இதில் முதல் பலி. 2025 ஆகஸ்ட்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகைக்கு வெளியே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பணிநிரந்தரம் கேட்ட அவர்களின் கோரிக்கையை இந்தக் கட்டுரையின் மொழியில் சொல்வதென்றால், எங்களையும் அந்த அட்டவணைக்குள் ஒரு கட்டத்தில் வையுங்கள் என்பதுதான். நிலை 1இன் முதல் கட்டம் 15,700. அதில் இருப்பவருக்கு அகவிலைப்படி, ஆண்டு உயர்வு, பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் எல்லாம் கேட்காமலே வரும். வெளியே இருப்பவருக்குக் காரணி 2.57 ஆனாலும் 3.57 ஆனாலும் எதுவும் நகராது.

அட்டவணைக்கு உள்ளேயும் கோளாறுகள் உண்டு. எல்லோருக்கும் ஒரே எண்ணால் பெருக்கும்போது பழைய தவறும் சேர்ந்தே பெருகும். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இடைநிலை ஆசிரியர்கள். 2009 ஜூன் 1க்கு முன்பு சேர்ந்தவரின் அடிப்படை 8,370, அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பறை, ஒரே பாடம். 2.57-ஆல் பெருக்கியபோது 3,170 ரூபாய் வித்தியாசம் எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட முரண்பாடுகளைக் களையத்தான் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் ஒருநபர் குழு வரும். 2018இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சித்திக் தலைமையில் அமைத்தது அப்படி ஒன்று. குழு வந்தது, ஆசிரியர்களின் போராட்டம் ஓயவில்லை.

ஊழியராக இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். திருத்தம் வரும்போது விருப்பப் படிவம் கேட்பார்கள். புதிய ஊதியத்துக்குத் திருத்தம் அமலாகும் தேதியிலேயே வருகிறீர்களா, அடுத்த ஆண்டு உயர்வு அல்லது பதவி உயர்வு வரை பழையதில் இருந்துவிட்டு வருகிறீர்களா என்பது கேள்வி. நாம் பார்த்த இளநிலை உதவியாளருக்கு 2016 ஏப்ரலில் ஆண்டு உயர்வு என்றால், எந்த வழியில் போனாலும் ஏப்ரலில் 22,600தான். ஆனால் நடுவில் பதவி உயர்வு வந்தவருக்குக் கட்டம் மாறலாம், ஓய்வூதியம் வரை அது தொடரும். பக்கத்து மேசைக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதாமல் இரண்டு வழியையும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நிர்ணயத்தைப் பணிப் பதிவேட்டில் பதிந்த பிறகு தணிக்கை வரும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் கூடுதலாகப் போட்டுவிட்டதாகத் தடை எழுப்பினால் பிடித்தம் தொடங்கும், சில சமயம் பல ஆண்டு கழித்து. 2014இல் பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அலுவலகத்தின் தவறால் கூடுதலாகப் பெற்ற தொகையை மூன்றாம், நான்காம் வகுப்பு (குரூப் சி, டி) ஊழியரிடமிருந்து மீட்கக் கூடாது என்று சொன்னது. கூடுதலானால் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்த ஒரு நீதித்துறை அதிகாரியின் வழக்கில் 2016இல் மீட்கலாம் என்றும் சொன்னது. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்த்துப் போடுவது நல்லது.

இப்போது 8ஆவது ஊதியக் குழு. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025 நவம்பரில் அமைந்தது, 18 மாத அவகாசம். மத்திய அரசு முடிவெடுத்த பிறகுதான் தமிழ்நாட்டின் முறை. வாட்ஸ்அப்பில் அதற்குள் விதவிதமான காரணிகள் சுற்றுகின்றன. ஒன்றைப் பார்த்ததும் செய்ய வேண்டிய கணக்கு எளிது: அகவிலைப்படியோடு ஒப்பிடுங்கள். படி 58 சதவீதத்தில் இருக்கும்போது காரணி 1.58 என்றால் உயர்வு பூஜ்யம். போன முறை கிடைத்த அதே 14 சதவீதம் கிடைக்க வேண்டுமானால் 1.80 வேண்டும். கலக்கும் நாளில் படி 60ஐத் தாண்டியிருந்தால் இந்த எண்ணும் ஏறும். 2.57-ஐவிடச் சிறிய எண்ணாக இருக்கிறதே என்று யாராவது கொதித்தால், போன முறை அகவிலைப்படி 125 என்பதை நினைவுபடுத்துங்கள். யாராவது 2.86 என்று வந்தால், அது 81 சதவீத உயர்வு என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, பணம் எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள்.